உங்களுக்குத் தெரியுமா? ரூஸ்வெல்ட் வீட்டுப் பெயர் வந்த கதை

● அமெரிக்காவுக்குத் தியடோர், ஃபிராங்க்ளின் என்று இரண்டு ஜனாதிபதிகளைக் கொடுத்த ரூஸ்வெல்ட் குடும்பத்தின் பெயர் இங்கிலீஷ் பெயர் அல்ல. அசல் டச்சு. ‘ரோஸ்’ என்றால் ரோஜா, ‘வெல்ட்’ என்றால் வயல். ஆதியில் முன்னால் ஒரு ‘வான்’ இருந்தது. இன்ன ஊர்க்காரர், இன்ன இடத்துக்காரர் என்று காட்டும் ஒட்டு அது. வான் ரோஸன்வெல்ட் என்றால் ரோஜா வயல்காரர். குடும்பச் சின்னத்திலும் ஒரு புல்மேட்டில் மூன்று பூ பூத்த ரோஜாச் செடிதான் இருக்கிறது. கீழே லத்தீனில், நட்டவனே காப்பான் என்ற பொருளில் ஒரு வாசகம்.

● நாம் ‘ரூஸ்வெல்ட்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 1898-இல், நியூயார்க் கவர்னர் தேர்தலுக்கு நின்றுகொண்டிருந்த சமயம், தியடோர் ரூஸ்வெல்ட் ஒரு கடிதத்தில் இதை விளக்கியிருக்கிறார்: பெயருக்கு மூன்று அசை, முதல் அசை ரோஜாவின் ‘ரோஸ்’. அதாவது ‘ரோஸவெல்ட்’. டச்சில் ‘ஓ’ எழுத்தை இரண்டு முறை போட்டால் நெடில் ஓகாரம். இங்கிலீஷ் படித்தவர் கண்ணுக்கு அது ‘ஊ’ என்று பட்டது. நமக்கு வந்து சேர்ந்ததும் அந்த ‘ஊ’ தான். இத்தனை வருஷம் கழித்து மாற்றினால் யாரைச் சொல்கிறோம் என்றே புரியாது என்பதால் இந்தப் பத்தியிலும் ரூஸ்வெல்ட்தான்.

● குடும்பத்தின் மூலபுருஷர் கிளாஸ் மார்ட்டன்ஸன் வான் ரோஸன்வெல்ட். ‘மார்ட்டன்ஸன்’ என்றால் மார்ட்டன் மகன். அன்றைய டச்சுச் சாமானியர்களுக்கு இந்தத் தகப்பன் பெயரே போதுமானதாக இருந்தது. கிட்டத்தட்ட நம்முடைய இனிஷியல் மாதிரி. தலைமுறைக்குத் தலைமுறை மாறும். குடும்பத்துக்கென்று நிலையான பெயராக நிற்காது. கிளாஸின் பிள்ளைகள் இந்தப் பழக்கத்தையே பின்பற்றியிருந்தால் ‘கிளாஸன்’ ஆகியிருப்பார்கள். அமெரிக்கச் சரித்திரத்தில் ஜனாதிபதி கிளாஸன் என்று படித்துக்கொண்டிருப்போம்.

● கிளாஸ் எந்த ஆண்டு கப்பலேறினார்? தியடோர் 1644 வாக்கில் என்று தன் சுயசரிதையில் எழுதினார். ஃபிராங்க்ளின் 1648-க்கு முன் என்றதோடு நிறுத்திக்கொண்டார். ஆவணத்தில் குடும்பம் தலைகாட்டுவது 1650-இல், நியூ ஆம்ஸ்டர்டாமின் டச்சு தேவாலயத்தில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவில். நியூ ஆம்ஸ்டர்டாம் என்பது இன்றைய நியூயார்க். அப்போது மன்ஹாட்டன் தீவின் தென்கோடியில் ஒட்டிக்கொண்டிருந்த சிறு குடியிருப்பு, அவ்வளவே.

● கிளாஸுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு: குட்டிக் கிளாஸ். ஆள் குள்ளமா, அல்லது ஆஜானுபாகுவான ஆளைக் கேலிக்குக் குட்டி என்று கூப்பிட்டார்களா என்று குடும்ப வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

● இந்தக் குட்டிக் கிளாஸ் 1652 வாக்கில் ஒரு பண்ணை வாங்கினார். 24 ‘மோர்கன்’. மோர்கன் என்பது டச்சு நில அளவை. மொத்தம் சுமார் 50 ஏக்கர் வரும். இடம் எது தெரியுமா? இன்றைய மன்ஹாட்டனின் நடுமையம்: 29-ஆம் தெருவிலிருந்து 35-ஆம் தெரு வரை, லெக்ஸிங்டன் அவென்யூவுக்கும் ஐந்தாம் அவென்யூவுக்கும் இடையில். எம்பயர் ஸ்டேட் கட்டடம் நிற்கும் வட்டாரம். அது குடும்பத்தின் கையில் தங்கவில்லை. தங்கியிருந்தால் ரூஸ்வெல்ட்டுகள் ஓட்டுக் கேட்டு ஊர் ஊராக அலைந்திருக்க வேண்டியதில்லை.

● கிளாஸும் மனைவி யானட்யேவும் 1660-ஐ ஒட்டி அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அவர்கள் மகன் நிக்கோலஸ் 1658-இல் பிறந்தவன்; பெற்றோர் முகமே நினைவில் இருந்திருக்காது. வளர்ந்தபின் ஹட்சன் ஆற்றின் மேல்புறத்தில் ஈசோப்பஸ் பக்கம் மென்மயிர்த் தோல் வியாபாரம் பார்த்துவிட்டு 1690 வாக்கில் நியூயார்க் திரும்பினார். நகரசபை உறுப்பினரும் ஆனார். குடும்பத்தில் முதல் பொதுப் பதவி அது. ‘வான்’ ஒட்டை உதறிவிட்டு ‘ரூஸ்வெல்ட்’ என்ற எழுத்துக்கூட்டலை நிலைநிறுத்தியவரும் இவரே. அப்பா கொண்டுவந்த பெயரை அப்பாவைத் தெரியாத பிள்ளைதான் குடும்பப் பெயராக்கினார்.

● 1664-இல் ஆங்கிலேயர் அந்தக் குடியேற்றத்தைப் பிடித்து நியூயார்க் என்று பெயர் மாற்றினார்கள். ஆங்கிலச் சட்டம், ஆங்கிலப் பத்திரம், ஆங்கில வரிக் கணக்கு. தலைமுறைக்கு ஒரு தகப்பன் பெயர் என்ற டச்சு வழக்கம் இவற்றுக்குள் அடங்கவில்லை. மெல்ல மெல்லக் குடும்பங்கள் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நின்றன.

தாய்நாட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. நெதர்லாந்தில் பலருக்கு அதற்கு முன்பே நிலையான குடும்பப் பெயர் இருந்தது. இல்லாதவர்களெல்லாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1811-இல் நெப்போலியன் ஆணை போட்டார். அப்போது அந்த நாடு பிரெஞ்சுப் பேரரசுக்குள் இருந்தது. நெப்போலியன் போனதும் இந்தச் சட்டமும் போய்விடும் என்று நம்பிய குறும்புக்காரர்கள் ஏடாகூடமான பெயர்களைப் பதிந்தார்கள், அவர்களின் சந்ததி இன்றும் அந்தப் பெயரோடு மாரடிக்கிறது என்று டச்சுக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அந்த விசித்திரப் பெயர்களில் பலவும் 1811-க்கு முந்தைய பதிவேடுகளிலேயே இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். கதை சாகவில்லை.

● நெதர்லாந்தில் பெயர்ப் பட்டியலில் ‘வான்’ என்று தொடங்கும் ஒருவரைத் தேடினால் ‘வா’ வரிசையில் கிடைக்கமாட்டார். ‘வான்’, ‘டெ’ போன்ற ஒட்டுகளைத் தள்ளிவிட்டு அடுத்த எழுத்தில்தான் அடுக்குவார்கள். எல்லையைத் தாண்டி பெல்ஜியம் போனால் அதே பெயர் ‘வான்’ வரிசைக்கு வந்துவிடும்.

● நிக்கோலஸின் பிள்ளைகளில் இருவர் முக்கியம்: யோஹானஸ், யாக்கோபஸ். யோஹானஸ் வழியில் வந்தவர் தியடோர். யாக்கோபஸ் வழியில் வந்தவர் ஃபிராங்க்ளின். முதல் கிளைக்கு லாங் ஐலண்டிலுள்ள ஆய்ஸ்டர் பே, இரண்டாவதற்கு ஹட்சன் கரையிலுள்ள ஹைட் பார்க் பின்னாளில் சொந்த ஊர்களாயின. முன்னது குடியரசுக் கட்சி, பின்னது ஜனநாயகக் கட்சி. பிற்காலத்தில் இரண்டு வீட்டுக்கும் ஆகாது. சொத்துத் தகராறு இல்லாமலே பங்காளிச் சண்டை.

● ஹைட் பார்க் கிளையின் ஐசக் ரூஸ்வெல்ட் சர்க்கரை ஆலை முதலாளி. கரும்பு மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் உழைத்த தோட்டங்களில் விளைந்தது. அதை நியூயார்க்கில் வெள்ளைச் சர்க்கரையாக்கி விற்றார்கள். ரோஜாச் சின்னக் குடும்பத்தின் ஆரம்ப காலச் செல்வத்தில் இந்தக் கணக்கும் உண்டு. அமெரிக்க அரசியலமைப்பை ஏற்பதா என்று முடிவு செய்ய 1788-இல் கூடிய நியூயார்க் மாநாட்டில் ஐசக் உறுப்பினர். பேங்க் ஆஃப் நியூயார்க்கின் தலைவராகவும் ஐந்து வருஷம் இருந்தார்.

● மிஸிசிப்பி ஆற்றில் ஓடிய முதல் நீராவிக் கப்பலை நடத்திக்கொண்டு போனதும் ஒரு ரூஸ்வெல்ட்தான். பெயர், மறுபடியும் நிக்கோலஸ். இந்தப் பயணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

1811 அக்டோபரில் பிட்ஸ்பர்க்கிலிருந்து ‘நியூ ஆர்லியன்ஸ்’ என்ற அந்தக் கப்பல் புறப்பட்டது. கப்பலில் நிக்கோலஸின் மனைவி லிடியா, நிறைமாதக் கர்ப்பிணி. போகவேண்டாம் என்று எல்லோரும் தடுத்தும் கேட்கவில்லை. அவர் அப்பா பெஞ்சமின் லட்ரோப், வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடம் எழுப்பியவர்களில் ஒருவர். பெண்ணுக்கும் துணிச்சலுக்குக் குறைவில்லை. டைகர் என்ற நாயும் கூட வந்தது. லூயிவில் நகரை நடுராத்திரி அடைந்தபோது நீராவி விட்ட சத்தத்தில் ஊரே எழுந்து ஓடிவந்தது. அந்த வருஷம் வானத்தில் பெரிய வால்நட்சத்திரம் தெரிந்துகொண்டிருந்தது. அதுதான் ஆற்றில் விழுந்துவிட்டது என்று சிலர் நினைத்தார்களாம். அதற்கு மேல் போக ஆற்றில் ஆழம் போதவில்லை. வெள்ளம் வரட்டும் என்று காத்திருந்த நாட்களில் லிடியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

டிசம்பரில் கிளம்பினால், 16-ஆம் தேதி நியூ மாட்ரிட் பூகம்பம். கரை சரிந்தது, மரங்கள் ஆற்றில் விழுந்தன, மாலுமிகளுக்குத் தெரிந்திருந்த வழி ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு ராத்திரி தீவு ஒன்றில் கப்பலைக் கட்டிவிட்டுத் தூங்கினார்கள். விடிந்து பார்த்தால் கயிறு தண்ணீருக்குள் போகிறது, தீவைக் காணோம். லிடியாவின் தம்பி பல ஆண்டுகள் கழித்து எழுதிவைத்த விவரம் இது. கொஞ்சம் உப்புக் காரம் சேர்ந்திருக்கலாம். 1812 ஜனவரியில் கைக்குழந்தை, நாய் சகிதம் எல்லோரும் பத்திரமாக நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். இதில் கூட்டலுக்கு இடமில்லை.

● டச்சு மொழி இந்தக் குடும்பத்தில் எப்போது அற்றுப்போனது? தியடோரின் தாத்தா கார்னீலியஸ் 1794-இல் பிறந்தவர். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோதுதான் நியூயார்க்கின் டச்சு தேவாலயத்தில் கடைசியாக டச்சில் ஆராதனை நடந்தது என்று பேரன் எழுதியிருக்கிறார். தியடோருக்குத் தெரிந்த டச்சு மொத்தமும் ஒரு தாலாட்டு. அதையும் சுமந்துகொண்டு ஜனாதிபதி பதவி முடிந்த கையோடு 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். அங்கே குடியேறியிருந்த போயர்கள் முன்னால் அதைப் பாடிக்காட்டினார். உச்சரிப்பு முதலில் அவர்களுக்குப் பிடிபடவில்லை. பிறகு பலர் இதே பாட்டுத்தானே எங்கள் வீட்டிலும் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். போயர்களின் முன்னோர் நெதர்லாந்திலிருந்து தென்னாப்பிரிக்கக் கேப்புக்குப் போனதும், கிளாஸ் அமெரிக்காவுக்குப் போனதும் ஏறக்குறைய ஒரே காலம். இரண்டரை நூற்றாண்டு பிரிந்திருந்த இரண்டு கூட்டத்துக்கும் பொதுவில் மிஞ்சியது ஒரு தொட்டில் பாட்டு.

● தியடோரின் பெரியப்பா ராபர்ட் ரூஸ்வெல்ட்டை 1888-இல் அமெரிக்க அரசு தன் தூதராக நெதர்லாந்துக்கே அனுப்பியது. சொந்த மண் என்று எவ்வளவு உருகினாரோ தெரியாது. அவருடைய பெரிய ஈடுபாடு மீன்வளப் பாதுகாப்பு.

● நியூயார்க்கில் ‘ஹாலந்து சொசைட்டி’ என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1885-இல் தொடங்கியது. பணம் இருந்தால் மட்டும் உள்ளே போய்விட முடியாது. 1675-க்கு முன் அந்த டச்சுக் குடியேற்றத்தில் வாழ்ந்த ஒருவரின் நேரடி ஆண்வழிச் சந்ததி என்று பத்திரத்தோடு நிரூபிக்கவேண்டும். தியடோரும் ஃபிராங்க்ளினும் உறுப்பினர்களாக இருந்தவர்கள்.

● ஆண்வழி என்று சொல்லும்போது ஒரு சின்னக் கணக்கு. இரண்டு ஜனாதிபதிகளிலிருந்தும் மேல்நோக்கி எண்ணினால் கிளாஸ் ஏழாவது தலைமுறை. ஒருவருக்குப் பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4, அதற்கு மேலே 8 என்று இரட்டித்துப் போனால் ஏழாவது படியில் 128 பேர். அந்த 128-இல் கிளாஸ் ஒருவர். மீதி 127 பேரில் ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர், பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள் என்று பலரும் உண்டு. அவர்கள் பெயரெல்லாம் வம்சாவளித் தாளோடு நின்றுவிட்டது. வாசல் பலகையில் ஏறியது கிளாஸ் கொண்டுவந்த பெயர் மட்டும். குடும்பப் பெயரை வைத்து ஒருவரின் ‘ரத்தத்தை’ அளப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

● அப்படி அளந்தவர்கள் இருந்தார்கள். ஃபிராங்க்ளின் ஜனாதிபதியானதும் அவர் உண்மையில் யூதர், பெயர் ரோஸன்ஃபெல்ட், அதை ஒளித்துவிட்டார் என்று யூத வெறுப்பாளர்கள் கிளப்பிவிட்டார்கள். நாஜிப் பிரசாரமும் அதைப் பிடித்துக்கொண்டது. 1935-இல் டெட்ராய்ட் நகர யூதப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அவருக்கே நேரடியாகக் கடிதம் எழுதிக் கேட்டார். ஜனாதிபதி பதில் போட்டார்: அமெரிக்காவில் இந்தப் பெயரைத் தாங்கிய எல்லோரும் ஹாலந்திலிருந்து வந்த கிளாஸின் வம்சம், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, என் முன்னோர் யூதரோ, கத்தோலிக்கரோ, புராட்டஸ்டண்டோ, நல்ல குடிமக்களாகவும் தெய்வ பக்தி உள்ளவர்களாகவும் இருந்தார்களா என்பதில்தான் எனக்கு அக்கறை. ‘நான் யூதன் இல்லை’ என்று பதறி மறுத்திருந்தால் கேட்டவர்களுக்கு அதுவே வெற்றியாகியிருக்கும். அவர் மறுக்கவே இல்லை.

● கிளாஸுக்கு முன் என்ன? நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில் ஸீலாந்து மாகாணம். அங்கே தோலன் தீவில் அவ்ட் வோஸமேர் என்ற சிற்றூர் ‘எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான்’ என்று உரிமை கொண்டாடுகிறது. அங்கே வான் ரோஸவெல்ட் என்ற பெயரில் நிலக்கிழார் குடும்பம் ஒன்று இருந்தது உண்மை. ஆனால் அந்தக் குடும்பத்தையும் கிளாஸையும் இணைக்கும் ஆவணம் எதுவும் அகப்படவில்லை.

● ஃபிராங்க்ளினுக்கு இந்த டச்சு விஷயம் கல்லூரிக் காலத்திலேயே பிடித்த பைத்தியம். 1901-இல் ஹார்வர்டில் படிக்கும்போது தன் முன்னோரைப் பற்றியே ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதினார். அதற்காக அம்மாவிடம், வீட்டிலிருக்கும் பழைய டச்சு பைபிளில் எழுதிவைத்த குடும்பக் குறிப்புகளைப் பார்த்து எழுதி அனுப்பச் சொன்னார். கட்டுரையின் சாரம்: டச்சுப் பழங்குடும்பங்கள் பல இன்று வெறும் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கின்றன, காரணம் அவற்றுக்கு முன்னேறும் வேகமும் ஜனநாயக மனமும் இல்லை, எங்களுக்கு இருந்தது. பத்தொன்பது வயதுப் பையனின் வம்சப் பெருமைதான். ஆனால் அரசியல்வாதி அப்போதே தலைகாட்டிவிட்டார்.

● அந்த பைபிள் பிறகு என்னவானது? 1686-இல் அச்சான டச்சு பைபிள் அது. 1933, 1937, 1941, 1945 என நான்கு பதவியேற்புகளிலும் ஃபிராங்க்ளின் அதன்மேல் கைவைத்தே உறுதிமொழி எடுத்தார். அமெரிக்க ஜனாதிபதி பதவியேற்பில் பயன்பட்ட பைபிள்களில் இதுவே மிகப் பழையது. நான்கு முறையும் விரித்துவைத்த பக்கம் ஒன்றேதான்: பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம். அன்பைப் பற்றிய அதிகாரம். கைவைத்தவருக்கு அந்தப் பக்கத்தை டச்சில் படிக்க வராது.

● ஜனாதிபதியான பிறகு பைத்தியம் கட்டடங்களுக்குத் தாவியது. ஹைட் பார்க், ரைன்பெக், பொக்கீப்ஸி என்று ஹட்சன் பள்ளத்தாக்கில் கட்டப்பட்ட தபால் நிலையங்கள் உள்ளூர்க் கல்லில், பழைய டச்சு வீட்டுப் பாணியில் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். உலகப் பொருளாதார மந்தத்தைச் சமாளித்துக்கொண்டே கூரைச் சரிவு எப்படி இருக்கவேண்டும் என்றும் யோசித்த மனிதர். 1941-இல் திறந்த அவருடைய ஜனாதிபதி நூலகமும் அதே பாணிதான்.

● ‘டெலனோ’ என்ற அவருடைய நடுப்பெயர் அம்மா வழி. அதன் மூலம் ‘டெ லனுவா’. 1621-இல் அமெரிக்கா வந்த அந்த முன்னோர் நெதர்லாந்தின் லைடன் நகரில் பிரெஞ்சு பேசும் அகதிக் குடும்பத்தில் பிறந்தவர்.

● டச்சுக் குடும்பப் பெயரோடு ஜனாதிபதியானவர்கள் மூன்று பேர். இரண்டு ரூஸ்வெல்ட்டுகளுக்கும் முன்னோடி மார்ட்டின் வான் பியூரன், 1837 முதல் 1841 வரை. வீட்டில் பேசியதே டச்சு. இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாத ஒரே அமெரிக்க ஜனாதிபதி அவர்தான்.

● பெண் வீட்டுப் பெயரும் ரூஸ்வெல்ட், மாப்பிள்ளை வீட்டுப் பெயரும் ரூஸ்வெல்ட் என்று ஒரு கல்யாணம் 1905 மார்ச் 17-இல் நியூயார்க்கில் நடந்தது. மணப்பெண் எலினோர் தியடோரின் தம்பி மகள். மாப்பிள்ளை ஃபிராங்க்ளின் அவருக்கு ஐந்தாறு தலைமுறை தள்ளிய உறவு. நம் முறைப்படி பார்த்தால் பங்காளி வழி, அண்ணன் தங்கை முறை. பேச்சே எடுத்திருக்க மாட்டார்கள். அப்பா இல்லாத பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் பெரியப்பா தியடோர், அப்போது பதவியிலிருந்த ஜனாதிபதி. பெயரைக் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வதுபோல் வருமா என்று மாப்பிள்ளையிடம் தமாஷ் பண்ணினார். பிறகு விருந்து நடந்த அறைக்குப் போனார். விருந்தினர் அத்தனை பேரும் பின்னாலேயே போய்விட்டார்கள். மணமக்கள் தனியாக நின்றார்கள்.

● பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் முழுப்பெயர் ஜாக் ரூஸ்வெல்ட் ராபின்சன். தியடோர் 1919 ஜனவரி 6-இல் இறந்தார். ராபின்சன் அதே மாதம் 31-இல் பிறந்தார். ரூஸ்வெல்ட் என்ற குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு இட்ட கறுப்பினக் குடும்பங்கள் அமெரிக்கத் தெற்கில் ஏராளம். 1901-இல் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகைக்கு விருந்துக்கு அழைத்ததற்காகத் தென்மாநில வெள்ளையர் தியடோரைத் தூற்றினார்கள். 1947-இல் ராபின்சன் பெரிய லீக்கில் இறங்கி நிறத் தடையை உடைத்தார்.

● நார்மண்டியில் அமெரிக்கப் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு ரூஸ்வெல்ட்டுகள், ஜனாதிபதி தியடோரின் மகன்கள், அருகருகே கிடக்கிறார்கள். அண்ணன் ஜெனரல் தியடோர் ஜூனியர். 1944 ஜூன் 6 அன்று யூட்டா கடற்கரையில் முதல் அலையோடு, கையில் ஊன்றுகோலுடன், 56 வயதில் இறங்கியவர். அடுத்த மாதம் மாரடைப்பில் போனார். தம்பி க்வென்டின் முதல் உலகப் போரில், 1918-இல், விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டவர். அவர் உடலைப் பிற்பாடு அண்ணன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

● கலைமான் ஒன்றுக்கும் இந்தப் பெயர் இருக்கிறது: அமெரிக்க மேற்குக் கரைக் காடுகளின் ‘ரூஸ்வெல்ட் எல்க்’. 1897-இல் விலங்கியலாளர் மெரியம் நண்பர் தியடோருக்காக வைத்தது. பிரேசிலில் ஓர் ஆறும் உண்டு. முதலில் அதன் பெயர் ‘சந்தேக ஆறு’, எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாததால். 1914-இல் தியடோர் அதில் இறங்கி, காலில் புண் வைத்து, காய்ச்சலில் சாகக் கிடந்து வெளியே வந்தார். சந்தேகம் தீர்ந்தது, ஆற்றுக்கு ரூஸ்வெல்ட் என்று பெயர் மாறியது. அண்டார்க்டிகாவில் பனிக்கடியில் புதைந்த தீவு ஒன்றுக்கு ஃபிராங்க்ளின் பெயர்.

● நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் நீளவாக்கில் கிடக்கும் ரூஸ்வெல்ட் தீவுக்கு, கிளாஸ் காலத்து டச்சுக்காரர்கள் வைத்திருந்த பெயர் பன்றித் தீவு. பிறகு பிளாக்வெல் தீவானது, சிறைச்சாலையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியும் வந்தன. 1921-இல் பெயரை மட்டும் கௌரவமாக ‘நலத் தீவு’ என்று மாற்றினார்கள். 1973-இல்தான் ரூஸ்வெல்ட்.

● ஸீலாந்து மாகாணத் தலைநகர் மிடல்பர்கில் 1982 முதல் ஃபிராங்க்ளின் பேசிய ‘நான்கு சுதந்திரங்கள்’ பெயரில் விருதுகள் வழங்குகிறார்கள். பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, வறுமையிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை ஆகிய நான்கு. முதல் ஆண்டே விருது பெற்றவர்களில் ஒருவர் முன்னாள் அரசி யூலியானா. அவருடைய மகள் மார்க்ரீட் 1943-இல் கனடாவில், நாஜிகளிடமிருந்து தப்பிய குடும்பத்தில், பிறந்தபோது ஞானத்தந்தையரில் ஒருவராக நின்றவர் ஃபிராங்க்ளின்.

● ஆம்ஸ்டர்டாம் நகரின் தெற்கே மூன்று அகலச் சாலைகள் ஒரு சதுக்கத்தில் வந்து சேர்கின்றன. நாஜிப் பிடியிலிருந்து விடுபட்டதும் 1946-இல் நகரசபை மூன்றுக்கும் பெயர் மாற்றியது: ரூஸ்வெல்ட் சாலை, சர்ச்சில் சாலை, ஸ்டாலின் சாலை. சதுக்கம் வெற்றிச் சதுக்கம். பத்து ஆண்டு கழித்து சோவியத் டாங்கிகள் ஹங்கேரிக்குள் புகுந்தன. உடனே ஸ்டாலின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுச் ‘சுதந்திரச் சாலை’ என்று மாட்டினார்கள். மற்ற இரண்டு பெயர்களும் இன்றும் அப்படியே இருக்கின்றன. அங்கே ரூஸ்வெல்ட் சாலைக்கு வழி கேட்பதானால், ‘ரோஸவெல்ட்’ என்று கேளுங்கள்.